படைக்குப் போனவர், போகாதவர்

தேர்தல் வந்தால் என் சூப்புக் கடையில் கரண்டிச் சத்தத்தைவிட வாய்ச் சத்தம்தான் அதிகம். அன்று மீன் விற்கும் டாக்கும் கறிக்கடை மேங்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து மல்லுக்கு நின்றார்கள்.

"உங்க வேட்பாளர் குக், முதுகெலும்பு நழுவிடுச்சுன்னு, எல்லா ஆம்பளையும் கட்டாயமா போகவேண்டிய படைக்கே போகல. இப்ப வாரா வாரம் மலையேறி போட்டோ போடுறான். நழுவினது திரும்பி வந்து உட்கார்ந்துக்கிச்சா?" என்றார் டாக்.

"உங்க கர்னல் யொம் மட்டும் என்ன கிழிச்சாரு? ஜெனரல் பொண்டாட்டிக்குக் குடை பிடிச்சே மெடல் வாங்கியிருப்பாரு," என்றார் மேங்.

நான் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் மகன் ஹன்சோல் படைக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போய் ஐந்தாம் மாதமே இறந்தான். தானே உயிரை மாய்த்துக்கொண்டான் என்று எழுதிவிட்டு, உடலை எடுத்துப்போகச் சொன்னார்கள். முதுகெல்லாம் பூட்ஸ் தடம். பணியில் இறந்தவன் என்று ஒப்புக்கொள்ளும்வரை எடுக்க மாட்டேன் என்றேன். இன்றும் ராணுவ ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில்தான் கிடக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

அவர்கள் குடித்து முடிப்பதற்குள் யொம்மே வந்துவிட்டார், காமிராவோடு. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க நாட்டுக்கு மகனைக் கொடுத்தவங்க. அந்தக் குக் ஒளிஞ்சுக்கிட்டவன். என் வண்டியில ஏறி இதை ஒரு தடவை சொல்லிடுங்க."

"சொல்றேன் ஐயா. முதல்ல நீங்க மைக்குல, ஹன்சோல் பணியில செத்தான்னு சொல்லுங்க."

பிடி தளர்ந்தது. "அது படையோட கௌரவம்மா. தேர்தல் முடியட்டும், பார்ப்போம்."

காமிராக்காரன் காமிராவை இறக்கினான். பாவி மனுஷன், வைத்த சூப்பைக்கூடத் தொடாமல் போனார்.

"நம்ம குக்கைக் கேட்டுப் பாருங்கக்கா," என்றார் மேங்.

"போன வாரமே கேட்டேன். படைன்னு பேச்செடுத்தா தன் கதைதான் நாறும், விட்டுடுங்கன்னு இடுப்பளவு குனிஞ்சான். முதுகு நல்லாத்தான் வளையுது."

மேங் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். டாக்கால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன இருந்தாலும் கர்னல் முப்பது வருஷம் படையில கிடந்தவருக்கா. நாமெல்லாம் ரெண்டரை வருஷத்துல வீட்டுக்கு வந்துட்டோமே."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என் பையன் இன்னும் வரலையே," என்றேன்.