மேல்வரிசை, இடப்பக்க முன்பல்

…வலிக்கட்டும், நன்றாக வலிக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது, பெற்றவளுக்குத் தோன்றக்கூடாத நினைப்பு, ஆனால் மூன்று நாளைக்கு முன் கிருஷாந்தி கண்ணாடிக்கு முன்னால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தபடி ‘அம்மா, இங்க வீங்கியிருக்கு, சீழ் மாதிரி வருது’ என்றபோது என் நெஞ்சுக்குள் எழுந்தது பயமே இல்லை, சந்தோஷம். வா, வந்து சேர்ந்தாயா, சரியான நேரத்துக்கு வந்தாய்... அடுத்த புதன்கிழமை வழக்கு, ஐந்து வருஷமாகப் புசல்லாவையில் தன் அக்கா வீட்டில் கிடக்கிற திவாகரன், என் புருஷன், இன்னும் சட்டப்படி என் புருஷன், நீதிபதிக்கு முன்னால் வந்து நிற்கப்போகிறான், அவனை அறுத்துவிட வேண்டும் என்று நான் போட்ட விவாகரத்து வழக்கு, லோயர் அம்மா சொல்லியிருந்தார், ‘அடிச்சான்னு வாயால சொன்னா போதாது சுபாஜினி, அந்தப் பல்லை ஒரு எக்ஸ்ரே எடுத்து, டொக்டர்கிட்ட கடுதாசி வாங்கிட்டு வாங்க.’ பல் என்றால் அந்த ஒரு பல்தான், மேல்வரிசையில் இடப்பக்க முன்பல், சாம்பல் பூத்து நிற்கிறதே அது, என் மகள் பதினேழு வயதில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதற்குக் காரணமான பல், அவளுடைய பன்னிரண்டாம் வயதில் அவன் அறைந்து சாகடித்த பல். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது அவள் கன்னத்தில் கைக்குட்டையை வைத்து ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் முகம் சுருங்கியது, நான் அதைப் பார்த்துக்கொண்டே டொக்டரிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் கூட்டிக்கொண்டு வந்தேன்... நான் என்ன மாதிரித் தாய்?

பல் டொக்டர் ருஷ்தி அக்குறணைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், மேல்மாடிக் கிளினிக்கில் சனிக்கிழமைகளில் மட்டும் இருப்பார், சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார், ஒரு கம்பியின் பின்புறத்தால் முன்பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினார், சாம்பல் பல்லைத் தட்டியதும் கிருஷாந்தியின் கால்கள் கதிரையில் உதறின. ‘படம் எடுத்துப் பார்க்காம ஒண்டும் சொல்லேலாது,’ என்றார். நர்ஸ் சிங்களப் பெண், பாரமான ஈய மேலங்கியை மகளின் நெஞ்சில் போர்த்தி, ‘கட்ட அரின்ன நங்கி’ என்று வாயைத் திறக்கச் சொல்லி, பல்லுக்குப் பின்னால் எதையோ வைத்தாள், வயர் ஒன்று உதட்டோரமாகத் தொங்கியது, என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன், திறந்த வாயோடு, தாடை பிடிக்கப்பட்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு... ஐந்து வருஷத்துக்கு முன், அன்றைக்கும் இதே வாய், இதே திறப்பு, தாடையைப் பிடித்திருந்தவை என் விரல்கள். ‘பாருங்கண்ணே, என் புள்ள பல்ல பாருங்க, கறுத்துப் போயிருச்சு, அந்த நாய் அடிச்ச அடி,’ என்று கத்தினேன், பன்விலவிலிருந்து வந்த என் இரண்டு அண்ணன்மாரும் குனிந்து அவள் வாய்க்குள் பார்த்தார்கள், பெரியண்ணன் கேட்டார், ‘அப்பா அடிச்சாராடா கண்ணு?’ அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். பெரியண்ணன் கையில் மண்வெட்டிப் பிடி. கொரோனாவில் கத்தார் வேலை போய், ஆறு மாதமாக வீட்டில் சாரத்தைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த மனிதன், முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான், சோப்பு நுரை கண்ணில், முதல் அடி காதோடு விழுந்தது, யார் அடிக்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. நுரை சிவந்தது. கையைத் தூக்கித் தடுத்தான், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம், சின்னண்ணன் விழுந்தவனின் விலாவில் சப்பாத்துக் காலால் உதைத்தான், உதைத்தான், அவன் திருப்பி அடிக்கவில்லை, என்னைப் பார்த்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், ‘ஒரே ஒரு அறைதான் சுபா... ஒரே ஒரு அறை.’ போதும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். கதவு நிலையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், அவன் அறைந்ததற்கு இது, பல்லுக்கு இது, கத்தாரிலிருந்து மாதக்கணக்காகப் பேசாமல் இருந்ததற்கு இது... மகள் எனக்கு முன்னால் நின்றாள், அவள் முகத்தைத் திருப்பவிடாமல் நான் பிடித்திருந்தேனா? பார்க்கட்டும் என்று பிடித்திருந்தேனா?

அவன் அறைந்தது பொய்யில்லை. ஒன்லைன் வகுப்பு என்று சொல்லிவிட்டு ஃபோனில் கார்ட்டூன் பார்த்தாள், இரண்டு தரம் கூப்பிட்டான், மூன்றாம் தரம் எழுந்து வந்து அறைந்தான், இடது கன்னத்தில், உதடு பல்லில் பட்டு ஒரு கோடு இரத்தம், அடித்த கையோடே அவன்தான் ஓடிப்போய்த் துணியை நனைத்துக் கொண்டுவந்து வைத்தான். இரண்டு மாதம் கழித்து வெளிச்சத்தில் அவள் சிரித்தபோது பல் மங்கியிருப்பதைக் கண்டேன். கண்டேனா, அல்லது முதலிலேயே இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேனா... சே, என்ன கேள்வி இது. அறைந்தான், பல் செத்தது. பொலிஸில் அப்படித்தான் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அவனுடைய இடது காது அதற்குப் பிறகு கேட்பதில்லையாம், கை கோணலாகச் சேர்ந்துவிட்டதாம், நுவரெலியா ரோட்டோரத்தில் கரட்டும் லீக்ஸும் விற்கிறானாம், யாரோ சொன்னார்கள், நான் கேட்காமலே சொன்னார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கொம்பியூட்டர் திரையில் படம், இவ்வளவு பெரிதாக வரும் என்று நான் நினைக்கவில்லை, கறுப்பு நிலத்தில் வெள்ளையாக நான்கு பற்கள், வேர்களெல்லாம் மேல்நோக்கி. டொக்டர் பேனாவால் காட்டினார். ‘இது பக்கத்துப் பல்லு, வேரைப் பாருங்க, நீளமா வந்து நுனி ஒடுங்கி மூடியிருக்கு. இப்ப இதைப் பாருங்க.’ பார்த்தேன். கட்டையாக, பாதியில் அறுத்துவிட்டதுபோல, அடிச்சுவர் மெல்லியதாக, நுனி மூடாமல் ஆவென்று திறந்து, அதற்கு மேலே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஓர் இருட்டு. ‘அந்த வட்டம்தான் சீழ், எலும்பைத் திண்டிருக்கு. இந்தப் பல்லு செத்து கனகாலம். எப்ப அடிபட்டது?’ நான் தயாராக வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன், ‘பன்னெண்டு வயசுல டொக்டர், அவங்க அப்பா அறைஞ்சாரு, அதத்தான் நீங்க ஒரு கடுதாசியில...’ அவர் தலையை அசைத்தார். ‘இல்ல. பன்னெண்டில இல்ல. பல்லு வெளிய தெரிஞ்ச பொறகும் வேர் வளந்து முடிய ரெண்டு மூணு வருஷம் போகும், பத்து வயசளவில நுனி மூடிரும். இது மூடல்ல. வளர்ற நேரத்தில பல்லு செத்ததால வேர் அப்படியே நிண்டுட்டுது. எட்டு வயசு... மிஞ்சிப்போனா ஒம்பது. பன்னெண்டில அடிபட்டிருந்தா இந்த வேர் முழுசா இருக்கணும்.’ எட்டு வயதில் அவன் இங்கே இல்லையே, என்றேன், வாய்க்குள்ளா வெளியிலா என்று தெரியவில்லை, எட்டு வயதில் அவன் கத்தாரில் அல்லவா இருந்தான்... ‘நெறம் மாறுறது சில பேருக்கு வருஷக்கணக்கு எடுக்கும்,’ என்றார் டொக்டர், ‘அதால நீங்க பிந்திக் கண்டிருப்பீங்க. மகள், சின்ன வயசில எங்கயும் விழுந்தீங்களா?’ கிருஷாந்தி திரையைப் பார்த்தபடியே சொன்னாள், ‘தொட்டியடியில வழுக்கி விழுந்தேன்.’

ஆமாம், தொட்டியடி, ஆமாம் ஆமாம், வழுக்கித்தான் விழுந்தாள், எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது, வீட்டுக்குப் பின்னால் நாலு குடும்பத்துக்கும் பொதுவான சீமெந்துத் தொட்டி, விளிம்பில் பாசி, தலை முழுக வார்த்துக்கொண்டிருந்தேன், வழுக்கினாள், வாய் விளிம்பில் அடித்தது... இல்லை, வார்க்கவில்லை, பேன் வாரிக்கொண்டிருந்தேன். ஏன் பேன்? பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தொற்றியது, அவளிடமிருந்து எனக்கு. அன்று பகல் துணிக்கடையில் ஒரு கல்யாணப் பார்ட்டிக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அரக்குப் பட்டில் ஒரு பேன் ஊர்ந்தது, என் தலையிலிருந்து விழுந்தது, மணப்பெண்ணின் அம்மா வீறிட்டாள், முதலாளி எல்லோருக்கும் முன்னால் ‘வெளிய போய் நில்லு, தேயிலைத் தோட்டத்துப் புத்தி போகல’ என்றான், கடை வாசலில், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, ஒரு மணிநேரம் நின்றேன். பஸ்ஸில் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் உட்கார்த்தி, சீப்பால் மண்டை கிழிய இழுத்தேன், திமிறினாள், என் கையைக் கடித்தாள், கடித்தாளா, ஆமாம், பெருவிரலுக்குக் கீழே, புதுப்பல், இரண்டு பல்லும் பதிந்தது... அப்புறம் வழுக்கினாள். இல்லை. அப்புறம் நான் அவள் முடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஈர முடி. முகத்தைத் தொட்டி விளிம்பில் அடித்தேன். ஒரு தடவை... ஒரு தடவைதானா? முதல் அடி கோபம், கண் தெரியாத கோபம், அதை யாரிடமும் சொல்லி அழுதுவிடலாம், ஆனால் அதற்குப் பிறகு ஒரு நிறுத்தம் இருந்தது, மூச்சு வாங்கினேன், பக்கத்து வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், பார்த்துவிட்டு இரண்டாம் தடவை அடித்தேன். தண்ணீரில் இரத்தம் நூல்நூலாக இறங்கியது. பல் ஆடிக்கொண்டு முன்னுக்குத் தள்ளி நின்றது, விரலால் அமுக்கி உள்ளே வைத்தேன், அவள் அழக்கூட இல்லை, ‘யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு’ என்று காதுக்குள் சொன்னேன், இரவு கத்தாரிலிருந்து அவன் ஃபோன் எடுத்தபோது அவள் அதைச் சொன்னாள், அவன் ‘பாத்து நடடா தங்கம்’ என்றான், மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சொன்னேன், கடையில் சொன்னேன், சொல்லிச் சொல்லி எப்போது அது நடந்ததாகவே ஆகிப்போனது? அண்ணன்மாருக்கு முன்னால் அவள் தாடையைப் பிடித்துத் திறந்தபோது நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாகப் பொய் சொல்லவில்லை, அந்தப் பல்லை அவன்தான் அடித்தான் என்று நம்பினேன்... நம்பினேனா?

‘கடுதாசி தாறன், பிரச்சினை இல்ல,’ என்றார் டொக்டர், ‘ஆனா எட்டு வயசளவில எண்டுதான் எழுதுவேன். படத்தில உள்ளதைத்தான் எழுதேலும்.’ அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏதாவது இருந்ததா, ஒன்றுமில்லை, சாதாரணமாகத்தான் பார்த்தார், ஆனாலும் என் காதுகள் எரிந்தன. ‘கடுதாசி வேணாம் டொக்டர். பல்லுக்கு வேண்டியத செய்ங்க.’ பல்லைப் பிடுங்காமல் வேருக்கு மருந்து போட்டுப் பார்க்கலாம், பல தடவை வரவேண்டும், இன்றைக்குச் சீழை வெளியேற்றலாம் என்றார், விறைப்பு ஊசி போட்டு, வேலை செய்யும்வரை வெளியே பத்து நிமிஷம் உட்காரச் சொன்னார்.

வெளியே வாங்குப் பலகையில் இருவரும் உட்கார்ந்தோம். கீழே தெருவில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தன. அவளுடைய மேலுதடு ஒரு பக்கம் மரத்துத் தொங்கியது. கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்டேன், ‘ஒனக்கு ஞாபகம் இருக்கா... தொட்டியடி?’ ‘இருக்கு,’ என்றாள். ‘அப்ப ஏன் மாமா கேட்டப்ப தலையாட்டுனே?’ அவள் யோசிக்கவேயில்லை, எத்தனையோ தடவை தனக்குள்ளே சொல்லிப் பார்த்திருப்பாள். ‘அப்பா அடிச்சாரான்னு கேட்டாங்க. அடிச்சாரு. பல்ல சாகடிச்சது யாருன்னு யாரும் கேக்கலியேம்மா.’ மரத்த உதட்டால் சொற்கள் குழறின, குழறியதால் பன்னிரண்டு வயதுக் குரல்போலிருந்தது, மண்வெட்டிப் பிடி இறங்கும்போது என் நெஞ்சில் பின்தலை முட்டி நின்றவளின் குரல். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிச்சுக்கோ என்றா, இல்லை, நீயாவது சொல்லியிருக்கலாமே என்றா, அதற்குள் அவள், ‘அப்பாவுக்குத் தெரியும்’ என்றாள். என்ன தெரியும்? ‘எல்லாம். டியூசன்னு சொல்லிட்டு மாசத்துல ஒருக்கா பஸ் ஏறிப் போவேன். ரெண்டு வருஷமா போறேன். போன வருஷம் சொன்னேன்.’ என்ன சொன்னார்? ‘கேக்காத காதைத் திருப்பிக்கிட்டு இருந்தாரு, கேட்டுச்சா இல்லையான்னு நெனச்சேன். அப்புறம், அம்மாகிட்ட இதப்பத்தி கேக்காத, சாப்பிட்டியான்னாரு.’

சாப்பிட்டியா. ஐந்து வருஷம் அவனை நாய் என்று சொல்லிச் சொல்லி இவளை வளர்த்திருக்கிறேன், இவள் கேட்டுக்கொண்டே தலைவாரி, பஸ் ஏறி, அந்த நாயின் பக்கத்தில் உட்கார்ந்து கரட் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், அவனும் தெரிந்துகொண்டே என் வழக்குக்கு வரப்போகிறான், புதன்கிழமை வந்து, நான் சொல்லச்சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறான், இரண்டு பேரும் எனக்குப் பரிதாபப்பட்டு... எனக்கா? யார்மேல் பரிதாபம்? அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை, தொண்டைக்குக் கீழிருந்து வேறொன்று ஏறியது, பழக்கமான சூடு, கண்ணோரம் வெளிச்சம் குறைந்தது, பத்து நிமிஷம் ஆச்சா என்று நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கீழே பார்த்தபோது என் விரல்கள் கிருஷாந்தியின் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தன, நகம் பதிந்த இடம் வெளுத்திருந்தது, எப்போது பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் இழுக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இந்தப் பிடி தளர எவ்வளவு நேரம் ஆகும் என்று நன்றாகத் தெரிந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்... எவ்வளவு நேரம் ஆகும்? அவளைக் கேட்டால் சொல்லுவாள்.