இப்போது நாங்கள் வீட்டில் இல்லை

பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த தொலைபேசியில் கொரீனுக்கு இரண்டு செய்திகள் காத்திருந்தன. முதலாவது, குன்றின்மேல் இருந்த குடியிருப்பின் மேலாளருடையது. ஓர் அறை காலியாகியிருக்கிறது, நான்கு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. வசந்தத்திலிருந்து அவள் காத்திருந்தது இந்தக் குரலுக்காகத்தான். அங்கேயே ரிசீவரை வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். அதற்குள் இரண்டாவது செய்தி தொடங்கிவிட்டது.

"அம்மா, நான் மார்லா. போன வாரமே சொன்னேன், நீ திருப்பிக் கூப்பிடல. பஸ் நிலையத்துலதான் இருக்கேன், உன் பேத்தி ஐவியும் கூட இருக்கா. மூணரை மணி பஸ்ஸுல கிளம்பறோம். அவருக்கு டெக்சாஸ்ல வேலை, இனி எப்ப இந்தப் பக்கம் வருவோம்னு தெரியாது. அவள நீ ஒரு தடவகூடப் பாக்கலம்மா. உன் வீட்டு விலாசத்தையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

இது கொரீனுக்கு வந்ததல்ல, அவளோடு விடுதியில் தங்கியிருந்த வெல்டாவுக்கு வந்தது. சியாட்டிலில் வீடில்லாதவர்களுக்கென்று ஒரு தொண்டு அலுவலகம் கொடுத்த எண் அது. யார் கூப்பிட்டாலும் கொரீனின் குரல் பதில் சொல்லும். அவர்கள் சொல்வதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். தெருவில் எந்தத் தொலைபேசியிலிருந்தும் ரகசிய எண்ணை அழுத்தி அவள் கேட்டுக்கொள்ளலாம். வேலை கேட்டுப் போன இடங்களில் வீடில்லாதோர் விடுதியின் எண்ணைக் கொடுத்தால், அந்தப் பெயரைக் கேட்டதுமே மறுமுனையில் குரல் மாறிவிடும். இந்த எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. விடுதி நடந்த தேவாலயத்து அடித்தளத்தில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த வெல்டாவுக்கும் ரகசிய எண்ணைச் சொல்லிக் கொடுத்தது கொரீன்தான். வரவேற்புச் செய்தியில் இருவர் பெயரும் இருக்கட்டும் என்று சொன்னது வெல்டா. 'இப்போது நாங்கள் வீட்டில் இல்லை' என்று பதிவு செய்துவிட்டு, "பொய் ஒண்ணும் சொல்லலயே, வீட்டுல இல்லதானே" என்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பிறகு வெல்டா ஊரெல்லாம் அந்த எண்ணைக் கொடுத்தாள். பெட்டி நிரம்பி வழிந்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவிலிருந்து கொரீனுக்கு வரவேண்டிய அழைப்பு இடமில்லாமல் திரும்பிப் போனது. அன்று விடுதியில் எல்லோர் முன்னாலும் சண்டை. வெல்டா பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். கொரீன் ரகசிய எண்ணை மாற்றினாள். அதன்பிறகு 'அம்மா' என்று தொடங்கிய ஒரு செய்தியை முழுதாகக் கேட்காமலே அழித்தாள். அது இந்தப் பெண்ணின் செய்திதான் என்று இப்போது தெரிந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வெல்டாவைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டுக் குன்றுக்குப் போய்விடலாம், நேரமிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். பெண்கள் பகல் நேரத்தில் தங்கும் இடத்தில் வெல்டா இல்லை. படகுத்துறை ஓய்வறையிலும் இல்லை. மேம்பாலத்துக்குக் கீழே, அங்கேயே வசிக்கும் ஹாய்ட் தன் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து கடல்காகங்களுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடடே, சொந்தமா போன் வச்சிருக்கிற மகராசி," என்றான். "வெல்டாவையா தேடற? காலையில இங்கதான் உக்காந்து உன்னத் திட்டிட்டிருந்தா. நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம்."

"ரகசிய நம்பர மாத்தினேன்னு திட்டறாளா?"

"மாத்தினதுக்கு இல்ல. சொல்லாம மாத்தினதுக்கு." ஹாய்ட் கையைத் தட்டிக்கொண்டான். "ஏதாவது டவுன் பஸ்ஸுல ஏறிச் சுத்திட்டிருப்பா. மழையில சூடா உக்கார நமக்கு வேற எடம் ஏது? சாயங்காலம் இலவசச் சாப்பாட்டு வரிசைக்கு எப்படியும் வந்துடுவா."

சாயங்காலம் என்றால் மூன்றரை மணி பஸ் போய்விட்டிருக்கும். பக்கத்துத் தொலைபேசியிலிருந்து குடியிருப்பின் மேலாளரைக் கூப்பிட்டாள். இயந்திரம்தான் பேசியது. நாளை காலையில் வந்தால் பரவாயில்லையா, தயவுசெய்து அறையை வைத்திருங்கள் என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று தன் எண்ணை இரண்டு முறை சொன்னாள். நிறுத்தத்தில் குன்றுக்குப் போகும் பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கதவு, கதவுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே தனக்கே தனக்கென்று ஒரு கட்டில், யாரும் இருமாத இரவு. எல்லாம் அந்தப் படிக்கட்டில் ஏறினால் போதும். "ஏறப்போறீங்களா இல்லையா?" என்றார் ஓட்டுநர். கொரீன் இல்லையென்று தலையை அசைத்துவிட்டு, எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய ஓடினாள்.

பஸ் நிலையத்தில் மார்லாவைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. வெல்டாவின் அதே அகன்ற நெற்றி. மடியில் ஒரு குழந்தை பிஸ்கட்டைக் கரைத்து முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தது. கொரீன் தன் பேரைச் சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள்.

"நீங்கதானா? குரலக் கேட்டதுமே தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமைல நீங்க ரொட்டி சுடுவீங்களாம், வீடு முழுக்க வாசன அடிக்குமாம். அம்மா சொல்லிட்டே இருப்பா." கொரீனுக்குப் பின்னால் பார்த்தாள். "அம்மா எங்க? வீட்டுல இல்லையா?"

கொரீன் ரொட்டி சுட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் வெல்டா வார்த்தைகளில் கட்டிய அந்த வீட்டில் தனக்கும் ஓர் அடுப்பு இருந்திருக்கிறது. வேலைக்குப் போயிருக்கிறாள், ஊரில் இல்லை என்று எதையாவது சொல்லிவிடலாம். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, வழியனுப்பிவிட்டு, ஓட்டமாக ஓடினால் நான்கு மணிக்குக்கூடப் போய்விடலாம்.

"எங்களுக்கு வீடு இல்லம்மா," என்றாள்.

மார்லா உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த போன் யார் வீட்டுல அடிக்குது?"

"எங்கேயும் அடிக்காது. வெறும் நம்பர்தான்." நின்றுகொண்டே சொன்னாள் கொரீன். உட்காரத் தோன்றவில்லை. "நீ போன வாரம் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரவே இல்ல. எங்களுக்குள்ள சண்டை. நான்தான் அழிச்சிட்டேன். இன்னிக்கு நீ சொன்னதும் அவளுக்குத் தெரியாது."

"எம்மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள் மார்லா. "ஒரு வாரமா நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சு யோசிச்சு... அவர்கூட எரிஞ்சு விழுந்து..." நிமிர்ந்து கொரீனைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றுமில்லை. "நீங்க யாரு அழிக்கறதுக்கு?"

பஸ்ஸுக்கான அறிவிப்பு ஒலித்தது. கதவருகே கூட்டம் சேர்ந்தது. மார்லா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி பிடித்தாள்.

"சாயங்காலம் நிச்சயமா வருவாளா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாது. பசிச்சா வருவா."

பஸ் கிளம்பியது. அது வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மார்லா குழந்தையைக் கொரீனிடம் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிடத் திணித்தாள். ராத்திரி பஸ்ஸுக்குச் சீட்டை மாற்றப் போனாள். குழந்தை கனமாகவும் சூடாகவும் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே கொரீன் சுவரிலிருந்த தொலைபேசியில் எண்களை அழுத்தினாள். ஒரு செய்தி இருந்தது. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், வைத்திருக்க முடியாது, அடுத்த ஆள் இதோ எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு அறை காலியானால் கூப்பிடுகிறேன் என்றார். கொரீன் இந்தச் செய்தியைக் கடைசிவரை கேட்டாள்.

"ஏதாவது முக்கியமா?" என்று திரும்பி வந்த மார்லா கேட்டாள்.

"இல்ல," என்றாள் கொரீன். "நேரமே போனாத்தான் வரிசை முழுக்கப் பாக்க முடியும். வா."

சாப்பாட்டு வரிசை கட்டடத்தைச் சுற்றிப் பின்சந்துவரை போயிருந்தது. மழை விட்டிருந்தது. பருப்புச் சூப்பின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் கலந்து அடித்தன. தெரிந்தவர்கள் கொரீனைப் பார்த்துத் தலையசைத்தார்கள். பெட்டியோடும் குழந்தையோடும் வந்த மார்லாவைப் பார்த்து ஓர் ஆள் விலகி வரிசையில் இடம் கொடுத்தார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொன்னாள். கொரீன் முன்னால் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வரிசை தாண்டியும் இல்லை. வரமாட்டாளோ? அறையும் போய், இந்தப் பெண்ணின் பஸ்ஸும் போய், எல்லாம் வீண் என்று ஆகிவிட்டால்?

திரும்பிப் பார்த்தபோது மார்லா பின்னால் வரவில்லை. அசையாமல் நின்று சந்தின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அப்போதுதான் வந்து சேர்ந்த ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் பாரத்தை ஊன்றி, இடுப்பில் கைவைத்து, பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ வாதாடிக்கொண்டிருந்தாள். அம்மா நிற்கும் விதம் மார்லாவுக்குத் தெரியாதா? அவள் குனிந்து குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டாள். ஐவி ஒரு கணம் தள்ளாடி நின்றாள். பிறகு சந்தில் தேங்கியிருந்த தண்ணீரை ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அந்தக் கோடியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.