கோல் வாசல் சேறு

கிழக்குப் பக்கத்துக் கோலுக்கு முன்னால் புல் செத்துக்கொண்டிருந்தது. காரணம் புதுக் கோச்தான். மைதானத்தைப் பராமரிக்கிற கிரவுண்டுக்காரருக்கு அதில் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் கோல்கீப்பர் ஓங்கி உதைத்தால் பந்து பாதி மைதானம் தாண்டி விழும். இந்த ஆள் வந்த பிறகு கீப்பர் பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டுகிறான், அவன் அடுத்தவனுக்கு, அடுத்தவன் திரும்பக் கீப்பருக்கே. பயிற்சி முழுக்க அந்தக் கோல் வாசலில்தான். ஒரே இடத்தைப் போட்டு மிதித்தால் புல் என்ன செய்யும்? மேட்ச் பார்க்க வருகிற ஜனம், "டேய், பந்தை அடைகாக்கிறீங்களாடா?" என்று கத்தும். கிரவுண்டுக்காரரும் மனசுக்குள் கத்துவார்.

அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. மனைவி செத்துப் போய் ஆறு வருஷம். வெளியூர் மகன் போன் செய்தால், எதில் கையெழுத்துக் கேட்கப் போகிறானோ என்றுதான் முதலில் தோன்றும். மைதான ஓரத்தில் புல்வெட்டும் மெஷினுக்கு ஓர் அறை, அதையொட்டி அவருக்கு ஓர் அறை. இரண்டில் மெஷின் அறைதான் பெரியது.

வெள்ளிக்கிழமை கிளப் செக்ரட்டரி வந்தார். ஷூவில் மண் படாமல் எல்லைக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை தோத்தா இந்தக் கோச்சை அனுப்பிடறதுன்னு கமிட்டியில முடிவாயிருச்சு."

"அதை எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா கோல் போடப் போறேன்?"

"மேட்ச் வரைக்கும் தண்ணி விடாதீங்க. புல்லையும் வெட்ட வேணாம்."

காய்ந்து வளர்ந்த புல்லில் பந்து உருளாது. தட்டித் தட்டி ஆடுகிறவன் கதை அதோடு முடிந்தது.

"ஜெயிச்சுட்டா?"

"இன்னும் ரெண்டு வருஷம் இந்தத் தாலாட்டைக் கேட்கணும். உங்க வயசைப் பத்தியும் பேச்சு வருது பெரியவரே. நான்தான் அடக்கி வெச்சிருக்கேன்."

அடக்குகிற மூஞ்சியைப் பார் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் அன்று மோட்டாரைப் போடவில்லை.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் கோச் மட்டும் மைதானத்தில் இருந்தார். கோல் வாசலில் நின்று பந்தைத் தட்டுவார். தானே நடந்து போய் அதை நிறுத்தி, வந்த வழியே திருப்பித் தட்டுவார். மறுபடி நடப்பார். பதினோரு பேர் வேலையை ஒற்றை ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்க வாயைத் திறந்த கிரவுண்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அறையில் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிற ஆள்தான்.

"பெரியவரே, கொஞ்சம் இங்க நில்லுங்களேன். பந்தைத் திருப்பித் தந்தா போதும்."

"எனக்குப் புல்லு மட்டும்தான் சார் தெரியும்."

ஆனாலும் ரப்பர் செருப்போடு போய் நின்றார். வந்த பந்தை ஓங்கி ஓர் உதை விட்டார். அது மூலைக் கொடியைத் தாண்டிப் போயிற்று.

"எங்க கீப்பர் தேவலாம்," என்று கோச் சிரித்தார். "அவசரமே வேணாம். நிறுத்துங்க. யாரு எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க. அப்புறம் தட்டுங்க."

"நீங்க ஒருத்தர்தானே சார் நிக்கிறீங்க!"

"அப்போ எனக்கே தட்டுங்க."

அரைமணி நேரம் தட்டிக்கொண்டார்கள். பந்து காய்ந்த புல்லில் திக்கித் திக்கி வந்தது. கோச் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்.

"தண்ணி விடலையா?"

"மோட்டார் மக்கர் பண்ணுது."

"நாளைக்குள்ள சரி பண்ணிடுவீங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

கிரவுண்டுக்காரரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அவரும் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு விடிந்ததும் செக்ரட்டரியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே புல்லை ஒட்ட வெட்டினார். மொட்டையாய்க் கிடந்த கோல் வாசலில் புது மண் கொட்டிச் சமப்படுத்தினார். இரண்டு நாள் தண்ணீரையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டார். முப்பது வருஷ வேலைக்காரன் செய்கிற காரியமா? புது மண் எவ்வளவு தண்ணீரையும் குடித்துக்கொண்டு, மேலே காய்ந்த மாதிரி படுத்திருக்கும்; நாலு பேர் மிதித்தால் சேறாகிவிடும். அது அவருக்குத் தெரியாததில்லை. அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

முதல் பாதியில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்துகிற ஜனம்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தது. இடைவேளைக்குப் பிறகு கிழக்குக் கோல் இவர்கள் பக்கம் வந்தது. பின்வரிசைக்காரன் ஒருவன் எப்போதும்போலக் கீப்பருக்குத் தட்டினான். பந்து பாதி வழியில் சேற்றில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிராளி ஓடிவந்து உள்ளே தள்ளினான். அந்த ஒரே கோலில் தோற்றார்கள்.

செக்ரட்டரி வந்து கிரவுண்டுக்காரர் தோளில் தட்டினார். "தண்ணி விடாதீங்கன்னு சொன்னா, நீங்க அதுக்கும் மேல போயிட்டீங்களே! கில்லாடி பெரியவரே!"

இரண்டடி தள்ளிப் பையோடு போய்க்கொண்டிருந்த கோச் காதில் அது விழுந்தது.

கிரவுண்டுக்காரர் கேட் வரை பின்னாலேயே ஓடினார். "சார், மோட்டார் மக்கர்னு சொன்னது பொய். அந்த ஆளு தண்ணி விடக்கூடாதுன்னான். நான் விட்டேன். பந்து உருளட்டும்னுதான் சார் விட்டேன்."

கோச் பையைக் கை மாற்றிக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை.

"பரவாயில்ல பெரியவரே. உங்க பொழப்பையும் நீங்க பார்க்கணும்ல."

"சத்தியமா சார். நம்புங்க."

"சரி. நம்பறேன்."

அந்தக் குரல் கிரவுண்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆயுசு முழுக்க அவர் எல்லாரிடமும் பேசிய குரல் அது.

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருமுனையிலாவது திரும்பிப் பார்ப்பார் என்று பார்த்தார். கோச் திரும்பவில்லை.