பஞ்சாங்கத்தின் ஓட்டு

எங்களுக்கு விழுந்தது ஏழு ஓட்டு. அதில் ஒன்று என்னுடையது, இன்னொன்று என் தங்கையுடையது. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று தன்னுடையதுதான் என்று அடுத்த இரண்டு நாளில் என்னிடம் வந்து சொன்னவர்கள் பத்தொன்பது பேர். ஒருவன் பிள்ளை மேல் சத்தியமே செய்தான். நானாக யாரையும் கேட்கவில்லை. சலவை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, "அக்கா, என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார்கள். அடப்பாவிகளா, போட்ட ஓட்டைப் பெட்டியா தின்றது?

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நாங்கள் இருபத்திரண்டு பேர். சங்கத்துக்கு நான் செயலாளர். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி இரண்டு விதமான பையில் வரும். தொற்று உள்ளவர்களின் துணி சிவப்புப் பையில், மற்றது வெள்ளைப் பையில். சிவப்பு என்றால் தடித்த கையுறை போட்டுத்தான் பிரிக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளைப் பையில் வந்த படுக்கை விரிப்புக்குள் ஓர் ஊசி இருந்தது. பிரித்துக்கொண்டிருந்த என் தங்கையின் விரலில் அது பாதிக்கு ஏறிவிட்டது. அவள் விரலைக் கட்டக்கூட இல்லை. பையை அப்படியே தூக்கிக்கொண்டு மாடி ஏறி மேலாளர் மேசையில் கவிழ்த்துவிட்டாள். அவருடைய டீ, கம்ப்யூட்டர், காகிதம் எல்லாவற்றின் மேலும் ரத்தமும் மலமும் பட்ட துணி. மறுநாள் காலையில் அவளுக்கு வேலை இல்லை.

புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். அந்த வேலைதான் அவளைத் தலை நிமிர வைத்தது. முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அதுவரை தன் தட்டையும் டம்ளரையும் தனியாக ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். அதெல்லாம் வேண்டாம்மா, பாத்திரத்தில் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை இது என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்கவில்லை. சின்னவன் மடியில் ஏற வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். 

அவளைத் திரும்ப எடுக்கும்வரை வேலை நிறுத்தம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். ரகசிய ஓட்டு வைத்தேன். பதினைந்து பேர் வேண்டாம் என்று போட்டுவிட்டார்கள்.

எதிர்த்துப் போட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் பஞ்சாங்கம். அதுவும் பிறகு சொல்லவில்லை, ஓட்டுக்கு முந்தின நாளே வந்து சொன்னார்.

பஞ்சாங்கம் என்பது நாங்கள் வைத்த பெயர். பழைய பஞ்சாங்கம் என்று ஆரம்பித்து, 'பழைய' தேய்ந்துபோய்ப் பஞ்சாங்கம் மட்டும் நின்றுவிட்டது. துணிப் பைகளை வாங்கும் ஜன்னலில் அவருக்கு வேலை. பொம்பளைகள் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், சங்கம் என்பது சோம்பேறிகளின் கூடாரம், மேலே இருப்பவர்கள் காரணத்தோடுதான் மேலே இருக்கிறார்கள். இதெல்லாம் அவர் வாயிலிருந்து டீ குடிக்கும் நேரத்தில் வரும். சங்கங்களை எல்லாம் இழுத்து மூட வேண்டும் என்று சொல்கிற கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர், ஏன் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறார் என்று கேட்டேன் ஒருநாள்.

"வேலை பாக்கற இடத்துல சங்கம்னு ஒண்ணு இருந்தா சேரணும். அது ஒரு ஒழுங்கு."

"உங்க கட்சி வந்தா எங்களை எல்லாம் வீட்டுல உக்கார வச்சுடும்ணே."

"நல்லதுதானே செயலாளரம்மா, உன் முழங்கால் வலியாவது குறையும்."

சிரித்துத் தொலைத்தேன். அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான், சிரிக்க வைத்துவிடுவார்.

ஓட்டுக்கு முந்தின நாள் சிரிக்க வைக்கவில்லை. "நான் எதிர்த்துத்தான் போடப்போறேன், தெரிஞ்சுக்கோ" என்றார். "ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கறவன் அடியில ஈரத்துணியோட கிடப்பான். அவன் உன் தங்கச்சிக்கு என்ன கெடுதல் பண்ணான்?"

"என் தங்கச்சி மட்டும் யாருக்கு என்ன பண்ணாண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. அவளுக்கு நடந்தது அநியாயம். அதுக்கு இது வழி இல்லைங்கறேன்."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். நின்று கேட்டுக்கொண்டார். முடிந்ததும் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

பிறகு விசாரணை வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார். பை சிவப்பு நிறம், பெண் கையுறை போடாமல் பிரித்தாள் என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். சாட்சி பஞ்சாங்கம். மேலாளர் எதிரில் ஒருநாளும் உட்காராத மனிதர் அன்றைக்கும் நின்றார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

"பை என்ன நிறம்?"

"வெள்ளைங்க. நான்தான் கை நீட்டி வாங்கினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் மேலாளர்.

"யோசிக்க என்னங்க இருக்கு? வெள்ளை."

எனக்கு அந்த இடத்திலேயே எழுந்து அவர் காலைத் தொடலாம் போல இருந்தது. அதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆனா அந்தப் பொண்ணு பையைக் கொண்டுவந்து உங்க மேசையில கொட்டினது தப்புங்க. அதையும் எழுதிக்குங்க."

யாராவது கேட்டார்களா அதை? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். பை வெள்ளை என்பது நிரூபணம் ஆனது, மேசையில் கொட்டியதும் நிரூபணம் ஆனது, தங்கையின் வேலைநீக்கம் அப்படியே நின்றது. ஊசி இருந்த பையைச் சரிபார்க்காமல் வாங்கிய குற்றத்துக்காகப் பஞ்சாங்கத்தையும் அடுத்த வாரம் வேலையை விட்டு எடுத்தார்கள். வாங்கினேன் என்று அவரே சொன்னாரே, அதுதான் ஆதாரம்.

அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை, சுவரில் அவர் கட்சித் தலைவரின் படம். மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட யூனிபார்ம் கட்டில் மேல் இருந்தது. திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறாராம்.

"பொய் சொல்லியிருந்தா வேலை இருந்திருக்கும்ணே."

"மேலாளர் நாற்காலி மேல எனக்கு மரியாதை உண்டு. அதுல உக்காந்துக்கிட்டு அந்த ஆளு பொய் சொல்றான், என்னையும் சொல்லச் சொல்றான். அது தாங்கல எனக்கு." யூனிபார்மின் காலரை நீவி விட்டார். "இத்தனை வருஷம் அவனுக்கு முன்னால நின்னுக்கிட்டே பேசியிருக்கேன் பாரு" என்றார். 

இரண்டு பேரையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று மறுபடி தீர்மானம் போட்டேன். பஞ்சாங்கத்துக்கு நடந்ததைப் பார்த்து ஆட்கள் கொதித்துப் போயிருந்தார்கள். இந்தத் தடவை பெட்டி கிடையாது, கை தூக்க வேண்டும் என்றேன். பின்னால் வந்து யாரும் சத்தியம் செய்ய வேண்டாம் பாருங்கள். ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்ததில் மயிரிழையில் ஜெயித்துவிடலாம் என்று தெரிந்தது. முந்தின நாள் பஞ்சாங்கத்திடம் போய்க் கெஞ்சினேன்.

"உங்களுக்காகவும்தாண்ணே. நாளைக்கு வராம இருந்துடுங்க, போதும்."

"எனக்காகன்னு துணியை நிறுத்தினா நான் எந்த மூஞ்சியோட அந்த வார்டுப் பக்கம் போவேன்?" என்றார். "உறுப்பினர்னா வரணும், வந்தா போடணும். சம்பளத்தை நிறுத்திட்டதால இந்த மாசச் சந்தா நான் கட்டல, அதனால ஓட்டு இல்லைன்னா சொல்லிடு, வாசல்லயே நின்னுக்கறேன். விதிப்புஸ்தகம் எல்லாம் காட்ட வேண்டாம். நீ சொன்னா சரி."

விதி எனக்குத் தெரியும். வேலையை விட்டு எடுத்தாலும் உறுப்பினர்தான், சந்தா கட்ட மாதம் முடியும்வரை தவணை உண்டு. தங்கையின் சந்தாவை நானே கட்டியிருந்தேன்; அவருக்கு மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. கூட்டத்தில் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் 'ஓட்டு இல்லை' என்கிற வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்ன வார்த்தைதான். அன்று இரவு தங்கையிடமும் சொன்னேன், கவலைப்படாதே, அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் அன்றைக்குத்தான் நாலு வாய் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

துணி மடிக்கும் மேசைகளைத் தள்ளிவிட்டு நடுவில் கூடினோம். உலர்த்தும் மெஷினின் சூடு இன்னும் அறையில் இருந்தது. பஞ்சாங்கம் உள்ளே வராமல் வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"செயலாளரம்மா, எனக்கு ஓட்டு இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என்ன போடுவார் என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. தங்கை முன்வரிசையில் இருந்தாள், விரலைப் பொத்திக்கொண்டு. சொல்லிவிடு அக்கா என்று அவள் கண் சொன்னது.

அந்த நிமிஷம் எனக்கு மேலாளரின் அறைதான் கண் முன்னால் நின்றது. யோசிக்க என்னங்க இருக்கு என்று பஞ்சாங்கம் சொன்ன குரல். அந்த மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் என்ன சொன்னாலும் நம்புவதற்கு. அந்தப் பத்தொன்பது பேரில் பதினாலு பேர் என்னிடம் பொய் சொன்னபோது நான் பட்ட எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

"இருக்கு. உள்ள வாங்கண்ணே."

கை தூக்கச் சொன்னேன். தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினோரு கை. எதிர்ப்பு எத்தனை என்றேன். தலையைக் குனிந்துகொண்டு பத்துக் கை உயர்ந்தது. கடைசியில், தலை குனியாமல், பஞ்சாங்கத்தின் கை. பதினொன்றுக்குப் பதினொன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றது என்று விதி. அதையும் நானே என் வாயால் படித்தேன்.

எல்லோரும் கலைந்த பிறகு அவர் தங்கையிடம் வந்தார்.

"உனக்கு எதிராப் போட்டுட்டேன்மா. என் வேலைக்கும் எதிராத்தான். வேற மாதிரி போட எனக்கு மனசு வரல."

தங்கை நிமிர்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன்.

"பரவாயில்லண்ணே. நீங்க சொல்லிட்டுத்தானே போட்டீங்க" என்றாள். அவர் கையைக் கூப்பிவிட்டு, வேகமாக வெளியே போனார். 

வீட்டுக்கு நடந்தோம். நான் இரண்டு தெரு தூரம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். நீதிமன்றம் போகலாம், வேறு ஆஸ்பத்திரியில் கேட்கலாம், எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார் என்றெல்லாம். அவள் முன்னால் நடந்தாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"ஒரே வார்த்தை, அக்கா. இல்லைன்னு ஒரு வார்த்தை."

"அவர் என்னை நம்பி நின்னாருடி."

"நானும் உன்னை நம்பித்தான் உக்காந்திருந்தேன்."

"அவரை மன்னிச்சுட்டே, என்னை மட்டும் ஏண்டி..."

"அவர் எனக்கு யாரோ ஒருத்தர், அக்கா. ஈஸியா மன்னிச்சுட்டேன்" என்றாள். "நீ என் கூடப் பிறந்தவ."

அவள் உள்ளே போய்ப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவன் அம்மா அம்மா என்று கதவைத் தட்டினான். அவள் திறக்கவில்லை. நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் என் மேல் சாயாமல், கதவைப் பார்த்தே கையை நீட்டிக்கொண்டிருந்தான்.