நீர்மாலைக் குடம்

நீர்மாலைக் குடத்தைத் தலையில் ஏற்றியதும் நனைந்த சேலை குருவம்மாவின் காலோடு ஒட்டிக்கொண்டது. செத்துக் கிடக்கும் அம்மாவைக் குளிப்பாட்டப்போகும் தண்ணீர். வீடு போய்ச் சேரும்வரை குடத்தைக் கீழே இறக்கக் கூடாது; இறக்கிய வாசலில் அடுத்த எழவு விழும் என்பார்கள். முன்னால் கொட்டு அதிர்ந்தது. வெடி போட வந்த பெத்தணன் ரோட்டில் சரவெடியை விரித்தான். அவன் திரியருகே குனிய, கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள். அந்த ஒரு நிமிட அமைதியில்தான் அது கேட்டது. எவர்சில்வர் தட்டில் கரண்டி அடிக்கும் சத்தம்.

"அண்ணே, பத்த வைக்காதீக!" என்று கத்தினாள் குருவம்மா.

சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கீழத்தெருவில். தொண்ணூற்றெட்டு சாதிக் கலவரத்தில் இரண்டு தெருவிலும் வீடுகள் எரிந்தன. ஏழு வருடமாக மேலத்தெரு ஆள் யாரும் கீழத்தெரு வாசலை மிதித்ததில்லை, அவள் அம்மா பொன்னுத்தங்கத்தைத் தவிர. ஆனால் பட்டாசுக் கம்பெனி வேனில் இரு தெருப் பெண்களும் நெருக்கியடித்துத்தான் உட்கார வேண்டும். அந்த வேனில்தான் பொன்னுத்தங்கம் சட்டம் போட்டாள். எந்த வீட்டில் அடி விழுந்தாலும் தட்டைத் தட்டு, காதில் விழுந்தவள் ஓடு. எப்போதும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். இன்று வாசல் பெஞ்சில் கிடக்கிறாள்.

"அழகுத்தாயி வீடுதான். கொட்டுச் சத்தத்துல எவளுக்குக் கேக்கப்போவுதுன்னு புருசங்காரன் கைய நீட்டிட்டான்" என்றாள் பின்னால் வந்த ஒருத்தி.

தாய்மாமன் அய்யாதுரை குறுக்கே வந்தார். "ஏ புள்ள, அங்கன பொணம் காத்துக் கெடக்கு. நீர்மாலையோட அந்தத் தெருவுக்கா?"

"எங்கம்மா காத்துக்கிடுவா மாமா. அழகுத்தாயி உசுரோட இருக்கால்ல."

ஓட்டமும் நடையுமாக ரோட்டைத் தாண்டினாள். குடம் தளும்பி முதுகில் வழிந்தது. பயம்தான். ஆனாலும் திருவிழாவுக்கு ஓடுகிற மாதிரி நெஞ்சு துள்ளியது. அம்மா செத்த அன்றைக்கு இப்படி ஒரு துள்ளலா என்று வெட்கமாகவும் இருந்தது. தலையில் குடம், திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் காலடிகள் மட்டும் கேட்டன. கீழத்தெருவுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தட்டு சத்தம் போட்டது.

அழகுத்தாயின் புருஷன் ஊர்க்காவலன், கையில் உருவிய பெல்ட்டோடு வெளியே வந்தான். குடத்தைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"எழவுத் தண்ணிய எதுக்கு இங்கன கொண்டாந்த? போயிரு!"

"அவள வெளிய விடு. இல்ல, ஒன் வாசல்லயே எறக்கி வெச்சிருவேன்."

அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். இரண்டு தெருப் பெண்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து அழகுத்தாயைக் கூட்டி வந்தார்கள்.

வீடு வந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது.

"இது எப்படிப் பத்தும்?" என்றார் அய்யாதுரை.

"பத்தும் மாமா."

குருவம்மா அம்மாவின் தலையில் மெதுவாக ஊற்றினாள். அழகுத்தாய் நசுங்கிய தட்டை ஓரமாக வைத்துவிட்டு, பொன்னுத்தங்கத்தின் கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். விரலிடுக்கில் ஏறியிருந்த பட்டாசுக் கம்பெனி அலுமினியப் பவுடரைத் தேய்த்துக் கழுவினாள். அது லேசில் போகவில்லை.