கழுவிய போத்தல்கள்

சிறுநீர் மாதிரி எடுப்பது பற்றி ஊருக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு வரி அதிகம்: "சுத்தமாகச் சேகரித்துத் தரவும்." பேராசிரியர் கேட்காததை நானாகச் சேர்த்தேன். பல்கலைக்கழகம் போன பிள்ளையல்லவா, ஊருக்குப் புத்தி சொல்லாமல் இருக்க முடியுமா?

எங்கள் ஊரான நெடுந்தீவில் கடலுக்குப் போகும் நாற்பது பேரின் சிறுநீர் எங்கள் ஆய்வுக்குத் தேவைப்பட்டது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் சில புரதங்கள் துளியளவில் கசியும். சாதாரணப் பரிசோதனையில் அது பிடிபடாது. புரதங்களைத் துண்டாக்கித் திணிவு நிறமாலைமானி என்ற இயந்திரத்தில் எடை பார்த்தால், சில வருடங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த இயந்திரம் எங்களிடம் இல்லை. மாதிரிகளை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினோம்.

மாதிரி எடுக்கும் புதுப் போத்தல்களைப் பங்கிடும் வேலையை என் மாமி ஞானசவுந்தரி ஏற்றுக்கொண்டார். பட்டியலில் முதல் பெயராக மாமா கிறிஸ்தோப்பரை எழுதியவளும் நான்தான்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. முடிவைக் காட்டிய கணினித் திரை முழுக்கச் சவுக்காரத்தின் தடயம். அதன் அடியில் புரதம் இருந்த இடமே தெரியவில்லை. நாற்பதும் அப்படித்தான். மாமியை அழைத்து விசாரித்தேன். மூடிகளைத் திறந்து, சவுக்காரத் தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே வீடுவீடாகக் கொடுத்தாராம். கடையில் வாங்கிய புதுக் கோப்பையைக்கூடக் கழுவாமல் ஒருவர் கையில் கொடுக்காத வீடு அது. அங்கே சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் "கழுவ வேண்டாம்" என்று எழுதத் தோன்றவில்லை. ஏன் விசாரித்தேன் என்பதையும் மாமிக்குச் சொல்லவில்லை.

மறுபடி எடுக்கலாமா என்று பேராசிரியரிடம் கெஞ்சினேன். திட்டக் காலம் முடிந்துவிட்டது என்றார். கட்டுரையில் எங்கள் தீவுக்கு ஒரு அடிக்குறிப்பு கிடைத்தது: நெடுந்தீவு மாதிரிகள் சேர்க்கப்படவில்லை. மேலே என் பெயர் அச்சாகியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. வேலை விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையைக் காட்டவும் செய்தேன்.

இரண்டு வருடம் கழித்து மாமாவின் கால்கள் வீங்கின. இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன என்றார்கள். இரத்தம் சுத்திகரிக்க வாரம் இரண்டு தடவை படகேறி, பிறகு பஸ் ஏறி யாழ்ப்பாணம் வரவேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

ஆஸ்பத்திரியில், கட்டிலருகே மாமி கேட்டார்: "பிள்ளை, அண்டைக்கு இவரின்ரை சலம் கொண்டுபோனனீர் எல்லே, அதிலை ஒண்டும் தெரியேல்லையோ?"

"இல்லை மாமி. ஒண்டும் தெரியேல்லை."

மாமி தலையாட்டினார். அப்படியானால் இது பிறகு வந்த நோய்தான் என்று தானே தேறிக்கொண்டார். மாமாவின் போர்வையை இழுத்து விட்டபடி சொன்னார்:

"எல்லாற்றையும் வடிவாக் கழுவித்தான் குடுத்தனான். இவரின்ரை போத்தலை மட்டும் ரெண்டு தரம் கழுவினனான்."

"ஓம் மாமி" என்றேன்.