புளித்த முட்டைக்கோஸ்

வெளிநாட்டில், ஃபேரர் பார்க் கட்டட வேலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், ஊரிலிருந்து மனைவி கோமளா வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் எங்கள் இரண்டு வயது மகள் இனியா. அவள் கையில் பிஸ்கட்.

"மறுபடியும் பிஸ்கட்டா? பருப்பும் கீரையும் பிசைஞ்சு குடுன்னா காதுல விழாதா உனக்கு?"

"குடுத்தா துப்புறா. அங்க உக்காந்து சட்டம் பேசாதீங்க. நீங்க தின்னாத்தான் வாயத் தொறக்குறா. காய் தின்னு காட்டுங்க."

கேட்டரிங்காரன் விடியுமுன் கட்டிய பொட்டலத்தைப் பிரித்தேன். வெயிலில் கிடந்து முட்டைக்கோஸ் புளித்து நாறியது. மனுசன் தின்பானா இதை? கொட்டிவிட எழுந்தேன். இனியா என் வாயையே பார்த்தாள்.

பல்லைக் கடித்தபடி உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளி மென்றேன். மகள் வாயைத் திறந்தாள்.

கீரைச் சோற்றை ஊட்டிய கோமளா சொன்னாள்: "நிறுத்தாதீங்க, இன்னும் கிண்ணம் நிறைய இருக்கு."